தள்ளி நிக்கச் சொல்லு

"உன் தம்பிகிட்ட சொல்லு, செயினை இன்னும் கொஞ்சம் இழுக்கட்டும்."

"டேய், இன்னும் கொஞ்சம் இழுக்கணுமாம்."

"இழுத்தா முன்கம்பியில இடிக்கும்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு."

"இடிக்குமாம்ங்க."

"அதெல்லாம் இடிக்காது. இந்தப் பக்கம் நான் பார்த்துக்கறேன்னு சொல்லு."

"அவரு பார்த்துக்கறாராம்டா. இழு."

இந்தக் கூத்தைக் கேட்டுக்கொண்டேதான் அந்த மழைக்காலம் முழுக்க நான் தையல் மிஷினை மிதித்தேன். என் கடை அவர்கள் வீட்டுக்கு நேர் எதிரே. ஒரு கார் உள்ளே வந்து திரும்பினால் இரண்டு பக்கத்து ஆட்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய தெரு. அவர்கள் கொட்டகையில் ஒருவர் தும்மினால் நான் இங்கிருந்து "நூறு" சொல்லலாம். மூன்று பேரும் நிற்பது ஒரே காரின் மூக்கைச் சுற்றி. மெக்கானிக் ஓரெட்டு வைத்துக் கையை நீட்டினால் மச்சானின் சட்டையைப் பிடித்துவிடலாம். ஆனால் அவர் சொல்வது அவனுக்குப் போகவும், அவன் சொல்வது அவருக்கு வரவும் நடுவில் அந்தப் பெண் நிற்க வேண்டும்.

அவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். மெக்கானிக்கின் மனைவி, அந்த மச்சானுக்கு அக்கா. தாய் தகப்பன் போன பிறகு தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், கல்யாணமானபோது சீதனம்போல அவனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மெக்கானிக்கும் முகம் சுளிக்காமல் தொழில் கற்றுக்கொடுத்தார். பையன் கெட்டிக்காரன். ஆனால் தொட்டால் போதும், குரலை உயர்த்திவிடுவான். தெருவில் அவனுக்கு ஸ்டார்ட்டர் என்று பெயர். வைத்தது யாரென்று கேட்காதீர்கள், தையல்காரனுக்கு வாய் சும்மா இருக்காது.

சண்டையின் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஸ்டார்ட்டருக்கு ஒரு வரன் வந்தது. பெண் வீட்டார் வந்து கொட்டகையிலேயே உட்கார்ந்து விசாரித்தார்கள். மெக்கானிக் பெருமையாகத்தான் ஆரம்பித்தார். "வேலையில தங்கம். வாய்தான் கொஞ்சம் முந்தும்" என்றார். வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். திரும்ப வரவில்லை.

"என் வாய்தானே முந்துது? இனிமே அவர்கிட்ட அதைத் திறக்கவே மாட்டேன்" என்று அக்காவிடம் சொன்னான் அவன். அன்றைக்கு அவன் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். அந்தப் பெண்ணின் படத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தான் பாவம்.

மெக்கானிக்குக்கும் ரோஷம் உண்டு. "அவனா வந்து பேசுறவரைக்கும் அவன் சொல்றது எதுவும் என் காதுல விழாது" என்றார்.

இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். உருப்படியான எத்தனையோ விஷயத்தில் காப்பாற்றாதவர்கள் இதில் காப்பாற்றினார்கள். வேலை மட்டும் நிற்கவில்லை. ஒருவர் கழற்ற, ஒருவர் பூட்ட, நடுவில் அவள்.

கொட்டகை வீட்டின் பக்கவாட்டில் தகரக் கூரை போட்டது. இரண்டு சுவருக்கும் குறுக்கே ஒரு இரும்புக் கர்டர். அதன் நடுவில் கொக்கியோடு செயின் பிளாக் தொங்கும். கைச்சங்கிலியை இழுக்க இழுக்கக் கொக்கி அங்குலம் அங்குலமாக மேலே போகும். ஒரு மாட்டின் கனம் இருக்கிற எஞ்சினை ஒற்றை ஆள் தூக்கிவிடலாம். கொட்டகைக்கும் சமையலறைக்கும் நடுவே இடுப்புயரத்துக்கு ஒரு கதவு. அவள் அந்தக் கதவோரம் நிற்பாள். ஒரு பக்கம் அடுப்பைப் பார்ப்பாள், இன்னொரு பக்கம் கேட்ட ஸ்பேனரை அளவு பார்க்காமலே எடுத்துக் கொடுப்பாள். கழற்றிய போல்ட்டுகளை எந்தப் பகுதியினுடையது என்று பிரித்துப் பிரித்துத் தகர டப்பாக்களில் போட்டு வைப்பதும் அவள்தான்.

அவள் செய்த இன்னொரு வேலைக்குப் பெயர் கிடையாது. தம்பி சொல்வதை அப்படியே புருஷனிடம் சொல்ல மாட்டாள். "இந்த நட்டை இப்படி முறுக்கி வச்சிருக்காரே, அறிவிருக்கான்னு கேளு" என்று அவன் சொன்னால், "நட்டு கொஞ்சம் இறுக்கமா இருக்காம்ங்க" என்பாள். "தெரியலைன்னா போய் பஞ்சர் ஒட்டச் சொல்லு" என்று இவர் சொன்னால், "மெதுவா பாருன்னு சொல்றாருடா" என்பாள். எட்டடி தூரத்தில் நிற்கிறவர்களுக்கு முழுப்பேச்சும் கேட்கத்தான் செய்யும். ஆனால் கேட்டதாக இருவரும் காட்டிக்கொள்ள மாட்டார்கள். அவள் வாயிலிருந்து வருவதுதான் கணக்கு.

ஒருநாள் நான் சொன்னேன். "என்னைவிட நல்லா வெட்டுறியே தங்கச்சி!"

"பிசிறை வெட்டினாத்தானே அண்ணே உடுத்த முடியும்?" என்று சிரித்தாள். வெடிச்சிரிப்பு அவளுக்கு. கொட்டகைத் தகரம் அதிரும்.

ஒரு டாக்ஸிக்காரரின் கார் வந்தது. வழியில் புகை கக்கி நின்றுபோனதாம், தள்ளிக்கொண்டுதான் வந்தார்கள். எஞ்சினை வெளியே எடுத்துப் பிரித்தால்தான் ஆகும் என்றார் மெக்கானிக். முதல் நாள் முழுவதும் கழற்றினார்கள். பானெட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார்கள். ரேடியேட்டர், குழாய்கள், வயர்கள் எல்லாம் வெளியே வந்தன. மழை தகரத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது. அவள் ரொட்டியும் அவித்த முட்டையும் தட்டில் வைத்து, கிரீஸ் கையோடு இருந்த இருவருக்கும் ஊட்டாத குறையாகக் கொடுத்தாள்.

"உன் தம்பி உப்புக் கேக்கறான் பாரு" என்றார் மெக்கானிக். அவன் கேட்கவே இல்லை. உப்புக் கிண்ணத்தைப் பார்த்தான், அவ்வளவுதான். இருவருக்கும் கோபம் என்றோ தீர்ந்துபோய்விட்டது என்று எனக்கு அப்போதே பட்டது. முதலில் யார் பேசுவது என்ற ஒன்றுதான் பாக்கி.

மறுநாள் காலையில் வெயில் வந்தது. ஈரத் தெருவிலிருந்து ஆவி கிளம்பியது. கூலி வேலைக்குப் போகிறவர்கள் போய், தெரு கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம். எஞ்சினைத் தூக்க ஆரம்பித்தார்கள். டாக்ஸிக்காரர் கொட்டகை வாசலில் நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தார்.

எஞ்சினின் தலையில் தூக்குவதற்கென்றே முன்னும் பின்னும் இரண்டு இரும்புக் காதுகள் இருக்கும். அவற்றில்தான் சங்கிலியை மாட்ட வேண்டும். முன்பு எங்கேயோ இதைக் கழற்றி வேலை பார்த்த புண்ணியவான் பின்காதைத் தொலைத்துவிட்டான். வெறும் ஓட்டை மட்டும் இருந்தது. மெக்கானிக் தகர டப்பாவைக் கிளறி ஒரு போல்ட்டை எடுத்து, பெரிய வாஷர் போட்டு, சங்கிலி வளையத்தையும் சேர்த்து அந்த ஓட்டையில் முறுக்கினார். நன்றாகத்தான் முறுக்கினார், கழுத்து நரம்பு புடைத்தது.

ஸ்டார்ட்டர் குனிந்து பார்த்தான்.

"அக்கா, அந்த போல்ட்டு குட்டை. வாஷருக்கும் வளையத்துக்குமே சரியாப்போச்சு. உள்ள ரெண்டு மூணு மரைதான் கடிச்சிருக்கும். கழட்டிட்டு நீளமானதைப் போடச் சொல்லு. இத்தனை வருஷமா என்னத்தைக் கிழிச்சாருன்னும் கேளு."

கடைசியில் இருந்ததுதான் பிசிறு. ஆனால் அவள் கை பழகிய கை. பிசிறை வெட்டப் போனது, முன்னால் இருந்த துணியையும் சேர்த்து வெட்டிவிட்டது.

"போல்ட்டைப் பார்த்துக்கச் சொல்றான்ங்க" என்றாள்.

"பார்த்தாச்சுன்னு சொல்லு."

"பார்த்தாச்சாம்டா."

"அப்ப சரி. அவர் பாடு" என்று அவன் கைச்சங்கிலியைப் பிடித்தான்.

எஞ்சின் எழும்பியது. முதலில் லேசாக அசைந்து, பிறகு காரின் வயிற்றிலிருந்து முனகிக்கொண்டு மேலே வந்தது. "மெதுவா." "மெதுவாவாம்டா." "நிறுத்து." "நிறுத்தணுமாம்." பாதி வெளியே வந்து நின்றது. அப்போதுதான் சமையலறையிலிருந்து பால் தீயும் வாடை வந்தது.

"ஐயோ, பாலு! ரெண்டு பேரும் கையைக் கட்டிக்கிட்டு அப்படியே நில்லுங்க. வந்துடறேன்."

இது அவள் போட்ட சட்டம். அவள் இல்லாதபோது வேலை கிடையாது. இருவரும் நின்றார்கள். ஸ்டார்ட்டர் சங்கிலியைப் பிடித்தபடி. மெக்கானிக் இடுப்பில் கை வைத்தபடி. பிறகு அவர் குனிந்து பார்த்தார். எஞ்சினுக்கும் காரின் உடம்புக்கும் நடுவே ஒரு எர்த் வயர் கழற்றாமல் விட்டுப்போய் விறைத்துக்கொண்டிருந்தது. தூக்குகிற வேலை இல்லையே, ஒரு சின்ன நட்டுத்தானே என்று நினைத்திருப்பார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, தொங்கும் எஞ்சினுக்கு அடியில் வலது கையை விட்டார்.

நான் ஒரு பள்ளிச் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்டார்ட்டரின் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன்.

"அக்கா! அவரைத் தள்ளி நிக்கச் சொல்லு! அக்கா, போல்ட்டு சாயுது! தள்ளி நிக்கச் சொல்லு!"

அவன் கத்தியது சமையலறையைப் பார்த்து. தெருக்கோடி வரைக்கும் கேட்கிற சத்தம் அது. எதிர்க்கடையில் மிஷின் ஓடும்போதே எனக்குக் கேட்டது. மெக்கானிக்குக்குக் கேட்காமலா இருக்கும்? கேட்டது. அவர் தலையைத் திருப்பினார். கையை எடுக்கவில்லை, தலையை மட்டும் திருப்பினார், சமையலறைக் கதவை நோக்கி. அவள் வந்து சொல்வதற்காக.

அந்தக் கதவில் யாரும் இல்லை. இருவரும் அந்த வெற்றுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. போல்ட் பிடுங்கிக்கொண்டு வந்தது. எஞ்சினின் பின்பக்கம் தொப்பென்று இறங்கியது.

மெக்கானிக் கத்தவில்லை. "ஹக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் காஜா ஊசியோடு ஓடினேன். போய்ப் பார்த்தால், முன்காதில் மட்டும் சங்கிலி இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க, எஞ்சின் ஒருக்களித்துக் கிடந்தது. அவர் கை, முழங்கைக்குக் கீழே எங்கேயோ, எஞ்சினுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே போயிருந்தது. போன இடத்தில் கை இருக்கிறதா என்றே தெரியவில்லை. அவர் நெஞ்சு காரின் விளிம்பில் அழுந்த, எட்டிப் பார்க்கிற ஆளைப்போல நின்றுகொண்டிருந்தார்.

டாக்ஸிக்காரர் பாய்ந்து கைச்சங்கிலியைப் பிடித்தார். "இழுங்கப்பா, தூக்குங்க!"

"தொடாதீங்க!" இது ஸ்டார்ட்டர். "ஒத்தைக் காதுல நிக்குது. இழுத்தா உருண்டு மொத்தமும் அவர் மேலயே வரும். யாரும் செயினைத் தொடாதீங்க!"

சொல்லிவிட்டான், ஆனால் அடுத்து என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. காரைப் பின்னால் தள்ளலாம் என்றான் ஒருவன். கம்பியை விட்டு நெம்பலாம் என்றான் இன்னொருவன். கர்டர் விழுந்துவிடும், எல்லோரும் வெளியே வாருங்கள் என்று ஒரு கிழவர் அலறினார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று என்றது ஒரு குரல். ஆம்புலன்ஸ் வந்து என்ன செய்யும்? ஆளை எடுத்துப் போக முதலில் கை வெளியே வர வேண்டுமே. அந்த மாதிரி நேரத்தில் கைகால் இருந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. நான் அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று, அவர் சரியாமல் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். சட்டை வேர்வையில் ஊறிப்போயிருந்தது. உள்ளே இதயம் அடிப்பது என் கைக்குத் தெரிந்தது.

"டைலரண்ணே" என்றார் மெதுவாக.

"சொல்லுப்பா."

"ஒரு பக்கம் மட்டும் கை வச்சு சட்டை தைப்பீங்களா? துணி மிச்சம் உங்களுக்கு."

"வாயை மூடுய்யா" என்றேன். எனக்கு அழுகை வந்தது. அவருக்குச் சிரிப்பு வந்ததோ என்னவோ, உடம்பு குலுங்கியது. குலுங்கியதும் வலி தாங்காமல் பல்லைக் கடித்தார்.

அப்போதுதான் சமையலறைக் கதவில் அவளைப் பார்த்தேன். எப்போது வந்தாள் என்று தெரியாது. பால் பாத்திரம் பிடித்த கரித்துணி கையில் இருந்தது. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. எஞ்சினைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். தம்பியும் வழக்கம்போல அவளைத்தான் பார்த்தான், அவள் ஏதாவது சொல்லுவாள் என்று.

"மச்சான்" என்றார் மெக்கானிக்.

அத்தனை மாதத்துக்கு அப்புறம் அவனை அவர் நேராகக் கூப்பிட்டது அதுதான்.

"இங்க பாரு மச்சான். என் மூஞ்சியைப் பாரு. அவளைப் பார்க்காதே. பெரிய ஜாக்கி மூலையில இருக்கு. எஞ்சினுக்கு அடியில பலகை வச்சு, அது மேல ஜாக்கியை முட்டுக்கொடு. அவசரப்படாதே. ஒரு விரக்கடை தூக்கு. தூக்கின சந்துல கட்டை வை. அப்புறம் திரும்பத் தூக்கு. தூக்கின அளவுக்குக் கட்டை. கட்டை வைக்காம அடுத்த மிதி மிதிக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுது மாமா."

"ஜாக்கி வழுக்கினாலும் கட்டையில நிக்கணும்."

"சரி மாமா. மாமா, வலிக்குதா மாமா?"

"இல்லடா, கூசுது. கேக்கறான் பாரு கேள்வி. போடா, போய் ஜாக்கியை எடு."

பிறகு ஆரம்பித்தது அந்த வேலை. டாக்ஸிக்காரர் கட்டைகளைத் தேடித் தேடி எடுத்துக் கொடுத்தார். ஸ்டார்ட்டர் குனிந்து குனிந்து அடியில் பார்த்து, ஜாக்கியை ஒவ்வொரு மிதியாக மிதித்தான். ஒரு மிதிக்கு ஒரு "மாமா". மாமா, தூக்கட்டுமா? மாமா, கட்டை வச்சுட்டேன். மாமா, இடது பக்கம் லேசா சாயுது, பார்த்துக்கிட்டே இருக்கேன் மாமா. சேர்த்து வைத்திருந்த அத்தனையையும் அன்றைக்கே தீர்ப்பவன்போல மாமா மாமா என்றான். அவரும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். குரல் தேய்ந்துகொண்டே வந்தாலும் சொன்னார். எஞ்சினுக்கு அடியில் கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. முதலிலேயே அந்தக் கட்டைகள் அங்கே இருந்திருந்தால் எஞ்சின் கட்டைமேல் விழுந்திருக்கும், கைமேல் விழுந்திருக்காது. இதை யாரும் அப்போது சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

வெயில் ஏறித் தகரம் காய்ந்தது. என் கை மரத்துப்போயிற்று. கடைசியில் "மாமா, இப்ப எடுத்துப் பாருங்க" என்றான். அவரால் எடுக்க முடியவில்லை. நான்தான் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். கை வந்தது. வந்த கையை நான் பார்க்கவில்லை. டாக்ஸிக்காரர் பார்த்தார், போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார்.

அவள் பார்த்தாள். கரித்துணியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, அசையாமல் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் கையைக் காப்பாற்றிவிட்டோம் என்றார்கள். அவர்கள் கணக்கில் அது சரிதான். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மீதி இருந்தவை மடங்கவில்லை. சோற்றுக் கரண்டியைப் பிடிக்கக்கூட ஆகாத கையை வைத்துக்கொண்டு ஸ்பேனர் பிடிக்கிறவன் என்ன செய்வான்? இடது கையால் பழகிக்கொள்கிறேன் என்று நட்டுகளைத் திருகிப் பார்ப்பார். நட்டு கீழே விழுந்து உருண்டு தெருவுக்கு வரும். நான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பேன். "பாருங்கண்ணே, நட்டுக்குக்கூட என்னைப் பிடிக்கல" என்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காது.

ஸ்டார்ட்டர்தான் எல்லா வேலையும் பார்த்தான். வாடகைக்குச் சக்கரம் வைத்த கிரேன் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினான். கர்டரிலிருந்து செயின் பிளாக்கைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். பேச்சுக்குக் குறைவே இல்லை. காலையில் கதவு திறந்தால் ராத்திரி மூடுகிறவரை "மாமா, இந்த பேரிங் தேய்ஞ்சிருக்கு", "மச்சான், அதைத் துடைச்சிட்டு வெளிச்சத்துல பாரு" என்று ஓயாத பேச்சு. சத்தமே போடாமல் பேசிக்கொண்டார்கள். ஸ்டார்ட்டர் என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை, எனக்கும் வாய் வருவதில்லை.

அவள்தான் பேசவில்லை.

முதலில் அதிர்ச்சி என்றார்கள். பிறகு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒன்றுமில்லை, தானாகச் சரியாகும் என்று சொல்லி அனுப்பினார். தானாகச் சரியாகவில்லை. சமைத்தாள், துவைத்தாள், புருஷனுக்குப் பிசைந்து ஊட்டினாள், சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். கேட்டால் தலையசைப்பாள். கொட்டகைக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த அந்தக் கதவை மூடி, உள்பக்கம் ஒரு மூட்டையை வைத்து அடைத்துவிட்டாள்.

ஒரு சாயங்காலம் மெக்கானிக் என் கடைக்கு வந்தார். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, துணி மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"டைலரண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க அவகிட்ட. நீங்க சொன்னா கேப்பா."

"என்னத்தைச் சொல்ல?"

"அவ மேல தப்பில்லன்னு சொல்லுங்க. போல்ட்டு போட்டது நான். தொங்குறதுக்கு அடியில கையை விட்டது நான். அவன் கத்தினது எனக்குக் கேட்டுச்சுண்ணே. சத்தியமா கேட்டுச்சு. வீம்புக்குத்தான் நின்னேன். இதை நூறு தடவை சொல்லிட்டேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயிடறா."

அவர் போன கொஞ்ச நேரத்தில் அவன் வந்தான். "அண்ணே, அக்காகிட்ட நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே. மாமா கையைப் பிடிச்சு இழுத்திருக்கலாம் நான். எட்டடிதான். அவளைக் கூப்பிட்டுக்கிட்டு நின்னேன். அவ என்ன செய்வா? அவகிட்ட சொல்லுங்கண்ணே."

அவகிட்ட சொல்லுங்க, அவகிட்ட சொல்லுங்க. அவள் செய்த வேலை இப்போது எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. போய்ச் சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பது? அவள் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் தன் மேலதான் தப்புன்னு சொல்றாங்க தங்கச்சி. உன்னை யாரும் ஒண்ணும் சொல்லல" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது எனக்கு விளங்கிவிட்டது. போல்ட்டு குட்டை என்று தம்பி சொன்னதை நானும்தான் கேட்டேன். அவள் என்ன சொன்னாள் என்பதையும் கேட்டேன். அதைக் கேட்டவன் வந்து உன் மேல் தப்பில்லை என்கிறானே என்று பார்த்தாள். பிறகு குனிந்து அரிசியில் கல்லைத் தேடினாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

மழைக்காலம் முடிந்து வெகுநாள் கழித்து, கொட்டகையில் மறுபடியும் ஒரு எஞ்சினைத் தூக்கினார்கள். அந்த விபத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அதுவரை சில்லறை வேலைகளைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னையும் வரச் சொன்னார்கள். உதவிக்கில்லை, துணைக்கு.

இந்தத் தடவை எல்லாம் முறையாக நடந்தது. கிரேனின் கால்களைக் காருக்கு அடியில் நேராகத் தள்ளிச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்தான். இரண்டு காதிலும் புது போல்ட். ஒவ்வொன்றையும் முதலில் வெறும் கையால் கடைசிவரை திருகிக் காட்டி, "எண்ணிப் பாருங்க மாமா, முழு மரையும் உள்ள போகுது" என்றான். இவர் குனிந்து எண்ணினார். எஞ்சின் எங்கே இறங்கப் போகிறதோ அங்கே கட்டைகள் அடுக்கியாயிற்று. எர்த் வயரிலிருந்து கடைசிக் குழாய்வரை இரண்டு பேரும் ஒன்றாகச் சுற்றிவந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். தூக்கும்போது ஒருவன் மட்டும்தான் பேச வேண்டும், யார் கையும் அடியில் போகக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டார்கள்.

"மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றான். மெக்கானிக் பின்னால் நகர்ந்தார். நானும் நகர்ந்தேன். அவன் கிரேனின் கைப்பிடியை அடிக்க ஆரம்பித்தான். எஞ்சின் சத்தமில்லாமல் எழும்பியது.

மூட்டை நகரும் சத்தம் கேட்டது. இடுப்புயரக் கதவு திறந்தது. அவள் இறங்கி வந்து, இருவருக்கும் நடுவே, அவள் எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றாள். கண் எஞ்சின்மேல் இருந்தது. அவன் கைப்பிடியை விட்டுவிட்டான்.

"தள்ளி நிக்கச் சொல்றான்" என்றாள்.

அது அவள் குரல் மாதிரியே இல்லை. துருப்பிடித்த குரல். மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது, பாவம். பேசிவிட்டாளே!

"நிக்கறேம்மா. தள்ளித்தான் நிக்கறேன், பாரு" என்றார்.

"உங்களைத்தான்ங்க. தள்ளி நிக்கச் சொல்றான்."

அவர் இன்னும் இரண்டடி பின்னால் வைத்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. காரின் திறந்த வயிற்றுக்குள், அன்றைக்கு அவர் கை இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போல்ட்டு குட்டையாம். ரெண்டு மூணு மரைதான் கடிச்சிருக்காம். கழட்டிட்டு வேற போடச் சொல்றான்ங்க. தள்ளி நிக்கச் சொல்றான்."

"அக்கா, எல்லாம் புதுசுக்கா. இங்க பாருக்கா" என்றான் தம்பி. அவளுக்குக் கேட்கவில்லை.

மெக்கானிக் பின்னால் நகர்ந்துகொண்டே போனார். முதுகில் சுவர் முட்டியது.

"இதுக்கு மேல இடமில்லம்மா" என்றார்.

"தள்ளி நிக்கச் சொல்றான்" என்றாள் அவள்.